வியாபாரி அட்டைக்கு ஒரு முகம்

அந்த அட்டை முதன்முதலாக அப்பா கைக்குப் போனபோது, அவர் அதைக் கள்ளநோட்டைச் சோதிப்பதுபோல வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"யாரு இந்த மூஞ்சி?"

"வியாபாரிப்பா. கீழ போட்டிருக்கு பாருங்க."

"இவனா?"

அட்டையில் இருந்தவனுக்குத் தொந்தி முழங்கால்வரை இறங்கியிருந்தது. பத்து விரலிலும் மோதிரம். ஒன்றரைக் கண். மடி நிறையத் தங்கக்காசைக் கொட்டி வைத்துக்கொண்டு பல்லை இளித்துக்கொண்டிருந்தான்.

"தெரு பார்க்கக் காசை மடியில கொட்டி வச்சிருக்கறவன் எந்தச் சந்தையிலம்மா கடை போட்டிருக்கான்? நம்ம தெருவுல ஒருநாள் உட்காரட்டும், மத்தியானத்துக்குள்ள மோதிரத்தோட விரலையும் சேர்த்துக் கழட்டிக்கிட்டுப் போயிருவாங்க. இந்தப் படம் போட்டவனை எவனோ நல்லா ஏமாத்தியிருக்கான். அந்த வயித்தெரிச்சலை இங்க கொட்டி வச்சிருக்கான்."

அப்பாவுக்குப் பைக்கடை. கைப்பை, தோள்பை, சக்கரம் வைத்த பயணப்பெட்டி என்று கூரையிலிருந்து இடுப்புவரை தொங்கும். உள்ளே வருகிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் தலையைக் குனிந்துதான் வர வேண்டும். அதில் அப்பாவுக்கு ஒரு திருப்தி. கொக்கிக் கம்பால் மேலே தொங்குவதை இறக்குவதும், உள்ளே திணித்த காகிதத்தை உருவிப்போட்டு ஆழத்தைக் காட்டுவதும், ஜிப்பை இழுத்துவிட்டு "சத்தத்தைக் கேளுங்க சார், வெண்ணெய்" என்பதும் மகளுக்கு நடக்கப் பழகிய வயதிலேயே வந்துவிட்டன. கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருப்பாள். அதனால் தெருவில் அவளுக்குப் பென்சில் என்றே பெயர். பில் போடத்தான் அந்தப் பென்சில் என்று அப்பா வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார். பில் புத்தகத்தின் பின்பக்கம் முழுக்க வாடிக்கையாளர்கள் மூக்கும் முழியுமாக உட்கார்ந்திருப்பதை ஒருநாள் பார்த்துவிட்டு, அன்று மட்டும் மகளோடு பேசவில்லை.

"இந்த மூஞ்சியைத்தான்ப்பா மாத்தப் போறேன்," என்றாள் பென்சில்.

அந்த அட்டை விளையாட்டுக்குப் பெயர் 'கோட்டையும் கடலும்'. பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி, பிடித்ததை வைத்துக்கொண்டு, பிடிக்காததை மற்றவர் தலையில் கட்டி, தனக்கென்று ஒரு கட்டு சேர்த்துக்கொண்டு எதிராளியோடு மோத வேண்டும். அதை வெளியிடும் கம்பெனி இப்போது ஒரு போட்டி வைத்திருந்தது. பழைய அட்டைகளில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதன் படத்தை ரசிகர்களே புதிதாக வரைந்து அனுப்பலாம். ஜெயிக்கிற படம் இனி அந்த அட்டையிலேயே அச்சாகும். வரைந்தவருக்கு அடுத்த தொகுதியின் படங்கள் எல்லாவற்றையும் வரைகிற வேலை, கம்பெனியின் ஓவியக்கூடத்திலேயே.

"வேலையா?" அப்பாவின் கண்ணாடி மறுபடி மூக்குக்கு இறங்கியது. "மாசக் கடைசியில இரண்டாவது கடை திறக்கறேன். அந்தக் கல்லாவுல நீதானே உட்காரப் போறே?"

"நீங்கதான் அப்படிச் சொல்லிட்டிருக்கீங்க."

"உன்னை மாதிரி வாய் இந்தத் தெருவுல யாருக்கு இருக்கு?"

"அந்த வாயை வச்சுத்தான் கேக்கறேன். ஒரு பந்தயம். நான் ஜெயிச்சா வரையப் போறேன், நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. தோத்தா கல்லாவுல உட்கார்றேன், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

அப்பா யோசித்தார். ஊரெல்லாம் படம் அனுப்பும். இவள் ஜெயிப்பதாவது! வாயடங்கி உட்காருகிற மகள் அவருக்கு மலிவாகக் கிடைப்பதாகத் தோன்றியது. கையை நீட்டினார். பென்சில் பற்றிக் குலுக்கினாள். இந்தத் தெருவில் குலுக்கிய கைக்கு மேல் பத்திரம் கிடையாது.

சரக்கடுக்கிக்கொண்டிருந்த அண்ணி, பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் எப்போதும் கொள்முதலுக்கென்று வெளியூர் சுற்றுகிறவன். கடையில் தூசி தட்டுவதும் சரக்கடுக்குவதும் அண்ணியின் பங்கு.

"நீ ஜெயிக்கணும்," என்றாள் அண்ணி, அப்பா நகர்ந்ததும்.

"என்ன அண்ணி, திடீர்னு பாசம்?"

"பாசமாவது. இரண்டாவது கல்லா காலியாகும்ல? மாமாவுக்கு என் ஞாபகம் வரவே வராது. காலியா கிடந்தா நானே போய் உட்கார்ந்துக்குவேன்."

அப்படி வெளிப்படையாகப் பேசும் கூட்டாளி கிடைப்பது அபூர்வம். பென்சிலுக்கு அண்ணியை அன்றைக்குத்தான் உண்மையிலேயே பிடித்துப்போனது.

அவ்வளவு அட்டைகள் இருக்க வியாபாரியை ஏன் எடுத்தாள் என்று கேட்டால், அவளிடம் பதில் இருந்தது. அந்த அட்டையை யாரும் தங்கள் கட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். 'எதிராளி சம்மதித்தால், உங்கள் அட்டை ஒன்றைக் கொடுத்து அவர் அட்டை ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்' என்பதுதான் அதன் சக்தி. எந்த எதிராளி சம்மதிப்பான்? அதனால் எல்லோரும் அதைக் குப்பை என்றார்கள். பென்சில் மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஸ்டேஷனரிக் கடை மாடியில் நடக்கும் ஆட்டத்துக்கு அதை எடுத்துப்போவாள். எதிரே பெரும்பாலும் பல் டாக்டர்.

"அந்த நாகத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க டாக்டர்? அதுக்குத் தீனி போட்டே உங்க கோட்டை காலியாயிரும்."

"அப்புறம் நீ எதுக்கு அதைக் கேக்கறே?"

"நான் எங்க கேட்டேன்? எங்கிட்ட ஒரு படகு இருக்கு, உங்களுக்கு உதவுமான்னு பார்த்தேன். வேண்டாம் விடுங்க. உங்க ஆட்டத்துக்கு அது ஒத்துவராது."

"என்ன படகு?"

"விடுங்க டாக்டர்."

"அட, காட்டும்மா!"

நாகம் கைமாறும். ஊரார் பல்லையெல்லாம் பிடுங்குகிற டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டைப் படகோடு உட்கார்ந்திருப்பார்.

ஆக, வியாபாரியின் பலம் காசில் இல்லை, காத்திருப்பதில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அதைத்தான் வரைந்தாள். விலை படியாமல் வாடிக்கையாளர் எழுந்துவிட்டார். தொங்கும் பைகளுக்கு நடுவே அவர் முதுகு. ஒரு குதிகால் தரையிலிருந்து எழும்பி நிற்கிறது. அடுத்த அடி வெளியே. படத்தின் கீழோரத்தில் கல்லாப்பலகை. அதன்மேல் ஒரு கை, திறந்த ஜிப்பின் நாக்கைப் பிடித்தபடி. கூப்பிடலாமா, இன்னும் ஓரடி போகட்டுமா என்று அந்தக் கை யோசிக்கிறது. பைகளின் மடிப்பில் விழும் வெளிச்சத்துக்கே இரண்டு நாள் செலவழித்தாள்.

வீட்டில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். வெளியூரிலிருந்த அண்ணன் படத்தைப் போனில் பார்த்துவிட்டு, "ஐயோ கூப்பிடு, கூப்பிடு, போயிரப் போறான்!" என்று கத்தினான். பந்தயத்தில் எதிர்க்கட்சியான அப்பாவே, "கையை நல்லாப் புடிச்சிருக்கே. கூப்பிடமாட்டான் பாரு. கெட்டிக்காரன்," என்று சொல்லிவிட்டு, உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

படம் இறுதிச் சுற்றுக்குப் போனது, ரசிகர்கள் பார்த்துக் கருத்து எழுத இணையத்திலும் ஏறியது. பென்சில் தெருவில் நடந்த நடையைப் பார்த்தவர்கள், பரிசை வாங்கிக் கைப்பையில் போட்டுவிட்டாள் என்றே நினைத்தார்கள். போட்டியை நடத்தும் அம்மாளிடமிருந்து போன் வரும்வரை.

"படம் நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு," என்று ஆரம்பித்தார் அந்த அம்மாள். கடைத்தெருவில் வளர்ந்தவளுக்கு இந்த ஆரம்பம் தெரியும். சரக்கைப் புகழ்கிறவர் வாங்கப் போவதில்லை. "ஆனா ஒரு சிக்கல். அட்டையோட பேர் எதுவோ, அது படத்துல தெரியணும். அது விதி. இதுல வியாபாரி எங்க?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? படம் பூரா வியாபாரிதானே!"

"ரசிகர்கள் எழுதியிருக்கறதைப் படிச்சீங்களா? பாதிப்பேர் 'வியாபாரி லீவா'ன்னு கேட்டிருக்காங்க. மீதிப்பேர், நடந்து போறவர்தான் ஊர் ஊராப் போற வியாபாரின்னு நினைச்சிட்டாங்க. நடுவர்களுக்கும் அதே குழப்பம். வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள வியாபாரி முகம் தெரியற மாதிரி மாத்தி அனுப்புங்க. இல்லேன்னா இந்தப் படத்தை எடுத்துக்க முடியாது."

போனை வைத்ததும் பென்சில் அரைமணி நேரம் கொதித்தாள். கண் இருக்கிறதா இவர்களுக்கு? இவ்வளவு பெரிய கை பலகைமேல் கிடக்கிறது, அது யார் கை, பேய் கையா? அப்பா மிகுந்த அனுதாபத்தோடு தலையாட்டினார். அனுதாபத்துக்கு நடுவே, புதுக்கடைக் கல்லாவுக்கு நாற்காலி எந்த உயரத்தில் வேண்டும் என்றும் கேட்டுவைத்தார்.

அண்ணிதான் காரியக்காரி. "கொதிச்சு என்ன ஆகப் போகுது? வர்றவங்ககிட்ட காட்டிக் கேட்டுட்டாப் போச்சு," என்று படத்தை வாங்கி, பை வாங்க வந்தவர்கள் முன்னால் நீட்ட ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் பார்த்தவுடன் சிரித்தார். "அட, இது நான்! போன தடவை இங்கிருந்து இப்படித்தானே போனேன்?"

"வேற யாராவது தெரியறாங்களா டீச்சர்?"

"வேற யாரு? நான் மட்டும்தான் இருக்கேன்."

பயணப்பெட்டியின் சக்கரத்தைத் தரையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "பாவம், கோவிச்சுக்கிட்டுப் போறாரு. கடைக்காரன் அநியாய விலை சொல்லியிருப்பான்."

"அந்தக் கை யாரோடதுங்க?"

"கையா? எங்க கை?"

பென்சில் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. அவர் குனிந்து பார்த்து, "ஓ, இதுவா. நான் ஏதோ பையோட வார்னு நினைச்சேன்," என்றார்.

அடுத்து வந்த மூன்று பேரும் அந்த முதுகு தங்களுடையதுதான் என்றார்கள். அதில் ஒருவருக்குத் தன் சட்டையே தெரிந்தது. வியாபாரி ஒருவருக்கும் தென்படவில்லை.

கடை சற்று ஓய்ந்தபோது பென்சில் படத்தை மடிமேல் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமல் இருப்பது அபூர்வமாகையால் அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க இந்தக் குடும்பத்துல பிறந்தவங்க எல்லாரும் பலகைக்கு இந்தப் பக்கம் நின்னே உலகத்தைப் பார்த்திருக்கீங்க. உங்களுக்குக் கடைன்னா எதிர்ல தெரியற முதுகு. படத்துக்குள்ள முகம் தேவைன்னே தோணலை, ஏன்னா அது உங்க கழுத்துமேலேயே இருக்கு."

பென்சில் நிமிர்ந்தாள்.

"நான் கல்யாணத்துக்கு முன்னால இந்தக் கடையில பை வாங்க வந்தவதானே? மாமா எங்கிட்டக் காட்டின முகம் கல்லு. அசையாது. சரி போங்கன்னு நானும் எழுந்து நடந்தேன்."

"நடக்கும்போது திரும்பிப் பார்த்தீங்களா அண்ணி? அப்ப எப்படி இருந்துச்சு முகம்?"

"நல்லாக் கேட்டே போ. திரும்பினா தோத்தேன்ல?"

பென்சில் யோசித்தாள். வாடிக்கையாளர் திரும்பமாட்டார். பலகைக்குள் இருக்கிற அவளும் அண்ணனும் வாடிக்கையாளரின் முதுகைத்தான் பார்ப்பார்கள். அப்படியானால், முதுகைப் பார்க்கும்போது அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்பது அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. அந்த முகத்தைத்தான் இவள் வரைய வேண்டும். அதற்கு நிற்க வேண்டிய இடம் தெருவுக்கு அந்தப் பக்கம்.

எதிர்ச்சாரியில் கடிகாரக் கடை. அதன் படியில் வந்து நின்றவளை, பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டியிருந்த கடிகாரக்கார மாமா ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"என்னம்மா, உளவு பார்க்க வந்தியா?"

"ஆமா மாமா. எங்கப்பாவை."

"நல்ல இடம்தான். அந்தத் தூண் ஓரமா நில்லு, அங்கிருந்தாத்தான் முழுசாத் தெரியும்."

ஒரு பெண்மணி பயணப்பெட்டி பேரத்தில் இருந்தாள். அப்பாவின் முகம் அண்ணி சொன்னதுபோலக் கல்லாகத்தான் இருந்தது. பெட்டியை மூடினார், திறந்தார், மூடினார். பெண்மணி தலையசைத்துவிட்டுத் திரும்பி வாசலை நோக்கி நடந்தாள்.

கல் உடைந்தது. அப்பாவின் புருவம் இரண்டும் மேலே ஏறின. தாடை முன்னால் வந்தது. வாய் லேசாகத் திறந்து, ஒரு விலை உதட்டுவரை வந்து நின்றது. ஏறாமல் விட்ட பஸ்ஸைப் பார்க்கிறவன் முகம். அதில் பேராசையும் இல்லை, தந்திரமும் இல்லை. போகாதே என்ற ஒன்று மட்டும் பச்சையாக இருந்தது. கடையில் அவளுக்கு ஓரடி தள்ளி இத்தனை காலம் நின்ற முகம் இது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்டுவிட்டுப் போனபோதுகூட அப்பா இப்படிப் பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியாது. பார்த்திருக்கலாம். அன்றைக்கும் அவள் முதுகைத்தானே காட்டிக்கொண்டு போனாள்.

அதைவிட வேடிக்கை வந்துகொண்டிருந்த பெண்மணியின் முகம். மூக்கு என்னவோ வானத்தைப் பார்த்தது. ஆனால் கண்மணி இரண்டும் ஓரத்துக்கு ஒதுங்கி, காது இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டதுபோல இருந்தது. கூப்பிடேன், கூப்பிட்டுத் தொலையேன் என்று அந்த முகம் கெஞ்சிக்கொண்டே நடந்தது.

"அம்மா, ஒரு நிமிஷம்!" அப்பாவின் குரல். பெண்மணியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. திரும்புவதற்குள் அதைத் துடைத்துக்கொண்டு, வேண்டாவெறுப்பு ஒன்றை மாட்டிக்கொண்டாள். அப்பாவும் கல்லை மாட்டிக்கொண்டார்.

"இத்தனை வருஷமா எனக்கு இதுதான் சினிமா," என்றார் கடிகாரக்கார மாமா.

"ஏன் மாமா, எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மூஞ்சியை மூடிக்குவாரே! டிக்கெட் இல்லாம பார்க்கறேன், அதைக் கெடுத்துக்கவா? என் கடையிலேருந்து ஆள் எழுந்து போறப்ப அவரு என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டுத்தான் இருப்பாரு. அவரும் சொன்னதில்லை."

பென்சில் அந்தத் தூணோரமே நின்று, கடைக்கு வருவோரையும் போவோரையும் வரைந்துகொண்டே இருந்தாள். முகத்துக்கு முகம் மூக்கு மாறியது, தவிப்பு மாறவில்லை. பழைய படத்தைத் தொடவில்லை. புதிதாக ஒன்று போட்டாள். இப்போது பார்க்கிறவர் தெருவில் நிற்கிறார். முன்னால் பெரிதாக, அலட்சியம் காட்டிக்கொண்டு நடந்து வருகிற வாடிக்கையாளரின் முகம். அவர் தோளுக்குப் பின்னால், பைகளின் இருட்டுக்கு நடுவே ஒரே ஒரு விளக்கடியில், பலகைமேல் சாய்ந்தபடி வியாபாரியின் முகம். அவன் முகத்தை இவர் பார்க்க முடியாது. இவர் முகத்தை அவனும் பார்க்க முடியாது. அட்டையைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும் இரண்டும் தெரியும். இரண்டு விரல் அகலத்துக்குள் அச்சாகப்போகிற படம் என்பதால், அப்பாவின் புருவத்தை மட்டும் சற்று அழுத்தமாகவே தீட்டினாள்.

ஆனால் இதை அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. அது அப்பா முகம். அவருக்கே தெரியாத முகம். வெள்ளிக்கிழமை காலை, ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால், படத்தை அவர் முன்னால் பலகைமேல் வைத்தாள். பந்தயத்தில் தோற்க வேண்டியவரிடமே, தோற்பதற்கு அனுமதி கேட்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

அப்பா பார்த்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது.

"யாரு இது?"

"நீங்கதான்ப்பா."

"நான் இப்படியெல்லாம் பார்க்கறதில்லை."

அண்ணி பெட்டிகளுக்குப் பின்னால் இருமினாள்.

"எதிர்க்கடைப் படியில நின்னு பார்த்தேன்ப்பா. ஒரு தடவை இல்ல. ஒவ்வொரு தடவையும்."

"கடிகாரக்காரன் பார்த்திருக்கானா?"

"இத்தனை வருஷமா."

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சற்று நேரம் கழித்துச் சீற்றம் வந்தது. "இதை அச்சுப் போட்டு ஊர் பூரா வித்தா என்னாகும்? நாளைக்கு ஒரு பயல் நான் சொல்ற விலைக்கு மசிவானா? எழுந்து நடந்தாப் போதும், கிழவன் கூப்பிட்டிருவான்னு ஆயிராது? தொழில்ல இருக்கறவன் எல்லாம் சேர்ந்து என்னைத் தெருவை விட்டே துரத்துவான். இதுக்கு அந்தத் தொந்திக்காரனே தேவலாம்! அவனாவது பல்லைத்தான் காட்டினான். நீ என் வயித்தையே திறந்து காட்டிட்டே."

"அனுப்ப வேண்டாம்னு சொன்னா அனுப்பலை."

"வேண்டாம்."

"சரி. பந்தயத்துல நான் தோத்தேன். இரண்டாவது கல்லாவுல உட்கார்றேன்." பென்சில் சொன்னாள். குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. "ஆனா வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னால படத்தை முழுசாப் பாருங்க. நீங்க உங்களை மட்டும்தான் பார்த்தீங்க. முன்னாடி ஒருத்தர் வர்றாரு. அவரைப் பார்த்தீங்களா?"

அப்பா வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். பிறகு படத்தைக் கையில் எடுத்தார்.

"இவன் ஏன் இப்படி முழிக்கறான்?"

"நீங்க எப்பக் கூப்பிடுவீங்கன்னு முழிக்கறாரு."

"கூப்பிடணும்னு நினைக்கறானா? போறவன் போறதுக்குத்தானே போறான்?"

"போறதுக்குப் போறவரு ஒருத்தர்கூட நேத்து இல்லப்பா. தெருமுனை வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வர என்ன சாக்குச் சொல்லலாம்னு யோசிக்கற முகம்தான் அத்தனையும். அந்தம்மா பெட்டி வாங்கினாங்களே, நீங்க கூப்பிடலேன்னா அவங்க உங்க கடை வாசப்படி தாண்டறதுக்குள்ள அழுதிருப்பாங்க."

அப்பாவின் உதடு அசைந்தது. எழுந்து போன எத்தனையோ முதுகுகளை அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் போலும். எல்லாவற்றையும் அவர்தான் முதலில் கூப்பிட்டிருந்தார்.

"அடப்பாவிகளா," என்றார் கடைசியில், மிக மெதுவாக. "அவங்களும் இப்படித்தான் தவிச்சாங்களா?"

"ஆமாப்பா."

"இது தெரிஞ்சிருந்தா..." முடிக்கவில்லை. எழுந்தார். படத்தைப் பலகையில் வைத்துத் தள்ளினார். "அனுப்பு."

"நிஜமாவா?"

"என் முகம் ஊருக்குத் தெரியும். ஊர் முகம் எனக்குத் தெரியும். கணக்குச் சரியாப் போச்சு. ஆனா அந்த மூக்கு. கொஞ்சம் சின்னதாப் போடு."

"மூக்கெல்லாம் குறைக்க முடியாதுப்பா."

"கொஞ்சம்."

"முடியாது."

"அப்ப நரையை எடு."

"ஓரத்துல மட்டும் எடுக்கறேன். அதுக்கு மேல பேசாதீங்க."

"சரி, போட்டுக்கோ," என்றார் அப்பா, விற்பனை முடிந்த குரலில்.

அன்று மாலை படம் போய்ச் சேர்ந்தது. மறுநாளிலிருந்து கடையில் ஒரு மாறுதல். யாராவது எழுந்து நடந்தால், அப்பா கூப்பிடுவதை விட்டுவிட்டுத் தோள்பைகளுக்குத் தூசி தட்ட ஆரம்பித்தார். முதல் ஆள் தெருமுனை தாண்டும்வரை வீட்டில் எல்லோருக்கும் உயிர் போய் வந்தது. அவர் திரும்பி வந்து, "குடையை இங்க வச்சுட்டேனா?" என்றார். குடையே கொண்டு வராதவர். அப்பா மிகுந்த மரியாதையோடு குடை தேடினார். தேடிக்கொண்டே பையைப் பொட்டலம் கட்டினார். எதிர்ப்படியில் கடிகாரக்கார மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய சினிமா நின்றுவிட்டது.

முடிவு சொல்லப் போன் வந்தபோது கடையில் நல்ல கூட்டம். பென்சில் ஒரு கையால் ஜிப்பை இழுத்துக் காட்டிக்கொண்டே மறு கையால் போனைக் காதில் வைத்தாள்.

"நடுவர்கள் ஒரே பேச்சாச் சொல்லிட்டாங்க," என்றார் போட்டி அம்மாள். "படம் வந்த நாள்லேருந்து பழைய கட்டுல இருக்கற வியாபாரி அட்டையைத் தேடி எல்லாரும் எடுத்து விளையாட ஆரம்பிச்சுட்டாங்க, தெரியுமா? உங்களுதுதான் முதல் பரிசு. அடுத்த தொகுதியும் உங்களுக்குத்தான். சம்மதமா?"

பென்சில் மனதுக்குள் கூரைவரை குதித்தாள். வாய் தானாகவே வேறு வேலை பார்த்தது.

"சந்தோஷம்ங்க. ஆனா படம் வரைஞ்சவங்க பேரை அட்டையில எறும்பு அளவுக்குப் போடறீங்க, பார்த்திருக்கேன். படிக்கற அளவுக்குப் போடணும்."

"அது... இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே."

"இப்பக் கேட்டாச்சு."

பென்சில் மூச்சு விடாமல் காத்தாள். கடை முழுவதும் காத்தது. ஜிப்பைப் பிடித்திருந்த வாடிக்கையாளரும் பேரத்தை மறந்துவிட்டுக் காத்தார்.

"சரிம்மா. போட்டுறலாம்."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கூட்டத்துக்கு நடுவே மகளின் கையைப் பிடித்து, பந்தயம் கட்டிய அன்று குலுக்கியதைவிடப் பலமாகக் குலுக்கினார். "ஜெயிச்சுட்டே. போய் வரை. நான் ஒரு வார்த்தை பேசலை," என்றார். பேசவில்லைதான், ஆனால் மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினார். பிறகு திடீரென்று ஞாபகம் வந்தவராய், "ஆமா, இரண்டாவது கடைக்கு இப்ப யாரைப் போடறது? நாளன்னைக்குத் திறப்பு!" என்று தலையைச் சொறிந்தார்.

"சாவி எங்கே மாமா?" என்றாள் அண்ணி.

அப்பா திரும்பினார். பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து அண்ணி வெளியே வந்திருந்தாள். தூசி தட்டுகிற துணியைத் தோளிலிருந்து எடுத்து மடித்து, பலகைமேல் வைத்தாள்.

"நீயா? உனக்குப் பேரம் பேச வருமாம்மா?"

"இந்தக் கடையில நான் வாங்கின பைக்கு நீங்க முதல்ல சொன்ன விலை என்ன, கடைசியில கொடுத்த விலை என்ன, ஞாபகம் இருக்கா?"

அப்பாவுக்கு இருந்தது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அது வலித்தது.

"சரி, உட்காரு. ஆனா கொள்முதல் நான் பார்த்துக்கறேன்."

"கொள்முதலும் நான்தான் மாமா. உங்க பிள்ளை என்னத்தை வாங்கிட்டு வர்றாருன்னு அடுக்கறவளுக்குத்தான் தெரியும்."

"அதெப்படி?"

"அப்ப வேற ஆளைப் பார்த்துக்கோங்க."

"இரும்மா, இரும்மா, எங்க போறே..."

கடைக்குள் கூட்டம் ஒதுங்கி வட்டம் கட்டி நின்றது. இலவசமாகக் கிடைக்கிற நல்ல பேரத்தை யார்தான் விடுவார்கள்? பென்சில் கொண்டையிலிருந்து பென்சிலை உருவிக்கொண்டு, பரணுக்குப் போகும் ஏணியில் ஏறினாள். தொகுதியின் முதல் அட்டையாகப் பழைய 'காவல்காரன்' மறுபடி வருகிறான் என்று அந்த அம்மாள் போனை வைக்கும் முன் சொல்லியிருந்தார். பழைய படத்தில் அவன் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு முறைக்கிறான். முறைத்துக்கொண்டே நிற்கிற காவல்காரனை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. தெருமுனை வங்கி வாசலில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சாயந்திரம் அவரை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்று யோசித்துக்கொண்டே காகிதத்தை விரித்தாள். கீழே அண்ணியின் குரல் ஒரு படி மேலே ஏறியிருந்தது, அப்பா இறங்கிக்கொண்டிருந்தார்.